நெற்றி காட்டும் தெரு

பால் வாங்கப் போன கிளாரா, நெற்றியில் ஒரு புள்ளியோடு திரும்பி வந்தாள்.

பொட்டு வைக்கிற வீட்டில் இது ஒரு சேதியே இல்லை. போதகர் ரொனால்டு வீட்டில் பூகம்பம். பொட்டு, பூ, தோடு மூன்றும் ஆகாது என்று பிரசங்கித்தவர் அவர். பதினெட்டு வருஷமாக அவர் மனைவியின் நெற்றியில் வியர்வையைத் தவிர எதுவும் ஏறியதில்லை. நாலரை மணி வெயிலில் அந்தப் புள்ளி கறுப்பாக, காயாமல் மின்னியது. மழையில் நனைந்த இரும்பின் வாடை அடித்தது.

"என்னடி அது?"

"மைங்க. வெள்ளை வேட்டி சட்டையில ஒருத்தரு. இடுப்புல மைக்கூடு தொங்குது. 'ஊர்ல நடக்குற அநியாயத்தப் பாத்து என்னைக்காச்சும் அழுதிருக்கியாம்மா'ன்னாரு. அழுதிருக்கேன்னேன். வச்சுவிட்டாரு."

"கேட்டவுடனே நெத்தியக் காட்டிருவியா? ஆதார் நம்பர் கேட்டானா?"

"பேரு கூடக் கேக்கல."

அதுதான் ரொனால்டை உறுத்தியது. பேர் கேட்காத அரசாங்க ஆள் எந்த ஊரில் உண்டு?

ரொனால்டு லேசுப்பட்ட ஆளில்லை. நத்தம் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில், வீட்டை ஒட்டிய அவருடைய தகரக்கூரை ஜெபவீட்டின் வாசலில் 'இறுதிக்கால இரகசியங்களின் திறவுகோல் டாக்டர் ரொனால்டு' என்று ஆளுயர ஃப்ளெக்ஸ் நிற்கிறது. டாக்டர் பட்டம் தபாலில் வந்தது. கடைசி நாளில் மிருகத்தின் முத்திரை நெற்றியிலோ வலது கையிலோ விழும் என்று இருபது வருஷமாக எச்சரித்து வருகிறார். அந்த முத்திரை முதலில் சோப்பு உறையின் கறுப்புக் கோடுகளாக இருந்தது, பிறகு ரேஷன் கடைக் கைரேகை மிஷின் ஆனது, அப்புறம் தடுப்பூசி. ஒவ்வொன்றும் பொய்க்கும்போது ஃப்ளெக்ஸ் மாறும், பழசு யாராவது வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போகும். முத்திரை வருமுன்னே விசுவாசிகள் இரகசியமாக மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது அவர் கட்சி. இல்லை, உபத்திரவத்தை முழுசாகப் பட்டுத்தான் போகவேண்டும் என்பது அவரோடு வேதம் படித்த போதகர் ஆண்டனிராஜின் கட்சி. இரண்டு கட்சியும் ஒரே தெருவில் கூட்டம் போட்டு மைக்கில் மோதியதுண்டு.

அப்படியானால் இது ஆண்டனிராஜின் வேலை. போனைப் போட்டார்.

"ஏலே ஆண்டனி, ஆள் அனுப்பி என் சபைய மிரட்டுறியா?"

"எனக்கும் வச்சாச்சு, அப்பு." குரல் தணிந்திருந்தது, அதுவே புதுசு. "முத்திரைன்னாலே சாத்தானோடதுன்னு ரெண்டு பேரும் கத்திக்கிட்டுத் திரிஞ்சோம். எசேக்கியேல் கண்ட தரிசனத்த மறந்துட்டோம்ல. அந்தாளு வந்தா கதவத் தொற."

"நீ பின்வாங்கிட்டே." துண்டித்தார்.

பிறகு ஜெபவீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டார். "அந்த நெத்தியோட உள்ள வராத" என்றதால் கிளாரா வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள்.

செருப்பில்லாத காலடிகள் வந்து நின்றன. கதவிடுக்கில் இரும்பு வாடை.

"ஒரே ஒரு கேள்விங்க, ஐயா. இந்த ஊருக்காக என்னைக்காச்சும் அழுதிருக்கீங்களா?"

"நான் யாருன்னு தெரியுமா? எச்சரிச்சிருக்கேன்! இருபது வருஷமா எச்சரிச்சிருக்கேன்!"

"அத நான் கேக்கல."

"ஆமான்னு சொல்லுங்களேன்" என்றாள் கிளாரா.

ரொனால்டு தாழ்ப்பாளை இன்னும் அழுத்தித் தள்ளினார். வெளியே மைக்கூட்டின் மூடியைத் திருகும் ஓசை மட்டும் மெல்ல, மிச்சமில்லாமல் இறுகியது. காலடிகள் தேய்ந்தன.

ஜெயித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் ஆண்டனி எதைச் சொன்னான் என்று வேதத்தைப் புரட்டினார். ஆறு பேர் வருகிறார்கள். ஒருவன் இடுப்பில் மைக்கூடு. ஊரின் அக்கிரமத்துக்காக அழுகிறவர்களின் நெற்றியில் அவன் அடையாளம் போடுகிறான். பின்னாலேயே ஐந்து பேர், வெட்டுகிற ஆயுதங்களோடு. அடையாளம் இல்லாத ஒருவரையும் விடக்கூடாது. எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்றும் அவர்களுக்குச் சொல்லியிருந்தது: ஆலயத்தில். அங்குள்ள பெரியவர்களிடம்.

ஜன்னலுக்கு ஓடினார். "ஐயா! செத்த நேரம் நில்லுங்க!"

தெருவில் வெள்ளை வேட்டி இல்லை.

அழப் பார்த்தார். மைக் முன்னால் நினைத்த மாத்திரத்தில் வந்த கண்ணீர். வரவில்லை. கண்ணைக் கசக்கினார். விரல் காய்ந்தே இருந்தது.

அப்போதுதான் கவனித்தார். பக்கத்து வீட்டு மிக்ஸி இரைச்சல் நின்றிருந்தது. மெயின் ரோட்டு ஹாரன்கள். நாய்கள். எல்லாமே.

தெருக்கோடியில் டீக்கடை அப்துல் ஹாதி தொப்பியை மேலே தள்ளி நெற்றியைக் காட்டினார். தொழுகைத் தழும்புக்கு மேலே கறுப்புப் புள்ளி. பூக்காரி சுந்தரம்மாளுக்குத் திருநீற்றுக்கு நடுவே. அவள் அடுத்து நின்று முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று ரொனால்டு வைத்திருந்த பட்டியலில் இவர்கள் யாருமே இல்லை.

எதிரில் யாரோ வருவதுபோல அவர்கள் நெற்றியைக் காட்டி, காட்டியபின் கையை இறக்கினார்கள். எதிரில் யாருமில்லை. வெறும் தெரு.

அடுத்த வீட்டு வாசல். ஒரு கை உயர்ந்தது. இறங்கியது.

அதற்கடுத்த வாசல்.

எதிர்வீடு.

படியில் கிளாரா எழுந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முந்தானையால் நெற்றி வியர்வையைப் புள்ளி கலையாமல் ஒற்றி, முடியை ஒதுக்கிக் காட்டினாள்.

பிறகு, ஐந்து பேர் போகுமளவுக்கு, ஒதுங்கி வழி விட்டாள்.