கொற்றவேழத்தின் கவளம்

ஆடிப் பெருக்கின் கலங்கல் தெளிந்து, நீலியாறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு நிறைந்து ஓடிய ஆவணித் திங்களின் முழுமதி மாலை அது. மேற்கே செக்கர் வானம் இன்னும் முழுதும் அணையவில்லை; கிழக்கே குன்றைக் கோட்டையின் கருமதிலுக்கு மேலே நிலவு எழுந்து நீரெங்கும் வெள்ளியை உருக்கி ஊற்றத் தொடங்கியிருந்தது. இத்தகைய வேளையில் கதைத் தலைவன் காதலில் உருகுவான் என்றுதான், அன்பு நிறைந்த வாசகர்களே, நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நம் தலைவனோ நீராட்டுத் துறையில் இடுப்பளவு நீரில் நின்றபடி பற்கள் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தான். ஆற்று நீர் குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் அவன் நடுக்கத்துக்குக் காரணம் அச்சம்.

அவன் பெயர் கண்டன் எயினன். சென்ற திங்கள் விண்ணுலகெய்திய குன்றைநாட்டு மன்னரின் ஒரே மகன். மகன் முகத்தில் விழித்தால் தந்தைக்கு ஆகாது என்ற நிமித்திகர் சொல்லை நம்பி, தொட்டில் பருவத்திலேயே அவனைத் தொலைதூரப் பேரேரியூருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஏரி வாரியத்துப் பெருமகன் அழிசியார் அவனைத் தம் பிள்ளையாகவே வளர்த்தார். இப்போது அமைச்சர் சாத்தனார் அவனைத் தேடி அழைத்து வந்து அரியணையில் ஏற்றப்போகிறார். இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? ஆனைமுற்றம் இருக்கிறது.

முடிசூடப்போகிறவன் முழுமதி மாலையில் நீராடி, வெறுங்கையோடு, பட்டத்து யானையாகிய மலையனின் முன் தனியே நிற்கவேண்டும் என்பது குன்றைநாட்டு வழக்கம். அரச குருதியைக் கொற்றவேழம் அறியும், அறிந்தால் மண்டியிடும். குருதி பொய்யானால் காலால் தேய்த்துவிடும். கண்டனுடைய பாட்டனாரின் தமையனார், தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர், இந்த யானை இளங்களிறாக இருந்த காலத்தில் அதே முற்றத்தில்தான் மாண்டார். மறுநாளே அவரைப் பெற்ற அரசியின் மேல் ஊர் பழி போட்டது. யானையின் மேல் ஐயம் கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை.

கண்டன் துறைப்படி ஏறி உடல் துவட்டும்போது, ஓடம் ஒன்று ஓசையின்றி வந்து படியோரம் ஒட்டியது. அதிலிருந்து முக்காடிட்ட உருவம் இறங்கியது. முக்காடு விலகியதும் நிலவொளியில் தெரிந்தது அவன் அத்தை மகள் பூதிநங்கையின் முகம். அவன் கோட்டைக்கு வந்த அன்றே அவனுடைய உறக்கத்தைக் கவர்ந்துகொண்டவள் அவள்தான். ஆனால் இன்று அந்த முகத்திலும் இரத்தம் இல்லை.

"ஏறுங்கள், இளவரசே. பொழுது விடிவதற்குள் நாட்டெல்லையைக் கடந்துவிடலாம்."

"நான் போய்விட்டால் என்னை வளர்த்தவரின் கதி?"

அவள் பார்வை கோட்டைப் பக்கம் திரும்பியது. அழிசியார் அவனுக்குப் பிணையாக, கைகள் கட்டப்பட்டு, ஆனைமுற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். இளவரசன் ஓடினால், பொய்க் குருதியை வளர்த்துக் கொடுத்த குற்றத்துக்கு யானையின் காலடி அவருக்குத்தான்.

பூதிநங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படியானால் இதைக் கேளுங்கள். மலையனுக்குக் குருதி தெரியாது" என்றாள்.

பிறகு அவள் பதறிப் பதறிச் சொன்னதன் சாரம் இது. அரண்மனைக் குழந்தைகள் சோறூட்டு விழா நடந்த நாள் முதல், மாலைதோறும் பட்டத்து யானைக்குத் தம் கையால் ஒரு கவளம் கொடுப்பது வழக்கம். பச்சைக் குழந்தையின் கை யானையின் வாய்க்கு எட்டுமா? அதனால் குழந்தை கை நீட்டினால் மண்டியிட்டு வாய் திறக்க யானையைப் பழக்கியிருந்தார்கள். அரண்மனையில் வேறு பிள்ளை இல்லாததால், நினைவு தெரிந்த நாள் முதல் அவள்தான் கவளம் கொடுத்துவருகிறாள். இரண்டு வழக்கமும் நாடறிந்தவை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்தான் இல்லை. சோதனைக்கு முன் கண்டனும் கவளம் கொடுக்கட்டும் என்று அவள் கேட்டபோது, சாத்தனார் சினந்து மறுத்துவிட்டாராம்.

கண்டனுக்கு அந்த அச்சத்திலும் சிரிப்பு வந்தது. "எங்கள் ஏரி வாரியத்துக்குக் குடவோலை எடுக்கும்போது, முன்பு பதவியில் இருந்தவருடைய மகன் பெயரைக் குடத்தில் இடவே விடமாட்டோம், நங்கையே. ஓர் ஏரியைக் காக்க மகன் ஆகாது. ஒரு நாட்டைக் காக்க மகன்தான் வேண்டுமாம்."

"அந்த வழக்கை நாளை ஆராய்வோம். இன்று உயிரோடு திரும்புங்கள்" என்றாள் அவள். நாள்தோறும் கவளம் கொடுக்கும்போது தான் போர்த்தும் ஆடையை அவன் தோளில் சுற்றினாள். நெய்யும் வெல்லமும் பிசைந்த சோற்றை அவன் உள்ளங்கையில் அழுந்தத் தேய்த்து உதறினாள். "நிமிர்ந்து நிற்காதீர்கள். குழந்தையைப் போல் குனிந்து கையை நீட்டுங்கள். 'மலையா, இரு' என்று மெல்லச் சொல்லுங்கள். குரல் உயர்ந்தால் அது மிரளும்."

ஆனைமுற்றத்தில் தீவட்டிகள் எரிந்தன. மதிலெங்கும் மக்கள் மூச்சடக்கி நின்றார்கள். சங்கிலி கழன்ற ஓசை கேட்டது. இருளே பெயர்ந்து வருவதுபோல் மலையன் வந்தது. அந்தக் கணத்தில் கண்டன் எல்லாவற்றையும் மறந்தான். அஞ்சிய மனிதன் விறைத்து நிற்பான். அவனும் அப்படியே நின்றான். யானை காதுகளை விரித்தது, துதிக்கையைச் சுருட்டியது, அவனை நோக்கி விரைந்தது. கல்தளம் அதிர்ந்தது. செத்தோம் என்றே எண்ணினான்.

அப்போது அவன் பார்வையில் அழிசியார் பட்டார். கிழவர் கண்களை இறுக மூடிக்கொண்டு, "பிள்ளை, பிள்ளை" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கண்டன் முழங்காலை மடித்தான். கையைத் தாழ்த்தி நீட்டினான். "மலையா, இரு" என்று அவன் குரல் காற்றாய் வந்தது.

யானை நின்றது. துதிக்கை அவன் தோளாடையை முகர்ந்தது, கழுத்தில் ஊர்ந்தது, ஈரமும் வெப்பமுமாக உள்ளங்கைக்கு இறங்கியது. பிறகு அந்தப் பேருடல் மெல்ல மண்டியிட்டு வாய் திறந்தது.

"குருதியை அறிந்தது கொற்றவேழம்" என்று குன்றைநாடு முழுவதும் ஆர்த்தது. அழிசியாரின் கட்டை அவிழ்த்தார்கள். மேன்மாடத்தில் பூதிநங்கை தூணைப் பற்றிக்கொண்டு நின்றாள். புது மன்னன் யானையின் கொம்பைத் தொட்டு, 'என் குருதி உள்ளவரை ஆள்வேன்' என்று சூளுரைக்கவேண்டும். கண்டன் கொம்பைத் தொட்டான். ஆனால் அந்தச் சூளுக்கு மாறாக வேறொன்றைச் சொன்னான்.

"எனக்குப் பிறக்கும் பிள்ளை இந்த யானைக்கு ஒரு கவளமும் கொடுக்கமாட்டான். இது ஆணை."

கவளம் கொடுக்காத பிள்ளைக்கு யானை மண்டியிடாது, அரியணையும் அவனுக்கு இல்லை என்பதை உணராமல், புது மன்னர் ஏதோ நோன்பு பூண்டிருக்கிறார் என்று மக்கள் எண்ணி இன்னொரு முறை ஆர்ப்பரித்தார்கள். சாத்தனார் ஒருவர்தான் ஆர்க்கவில்லை. அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. அதைக் கண்ட கண்டனுக்கு, சோதனைக்கு முன் கவளம் கொடுக்க அவர் ஏன் மறுத்தார் என்பது விளங்கியது. கவளத்தின் மறை அவருக்கு முன்பே தெரியும்; அவர் தன்னைத் தேடி அழைத்து வந்தது அரியணைக்கு அல்ல, யானையின் காலடிக்கு. விட்டிருந்த அச்சம் மீண்டும் நெஞ்சைப் பிடித்தது. மலையனோ இவை எதையும் அறியாமல், இன்னும் வந்துசேராத சோற்றுக்காக மன்னனின் உள்ளங்கையைத் துழாவிக்கொண்டிருந்தது.