வீடு பார்க்க வந்தவர்கள்

வீடு பார்க்க வந்தவர்கள் கேட்டைச் சாத்திக்கொண்டு போன பிறகும், மாடி அறையில் யாரோ பீரோவைத் திறந்து பார்க்கும் சத்தம் கேட்டது.

பிரீதாவுக்கு எரிச்சல்தான் வந்தது. வந்தவர்களின் லட்சணம் அப்படி. அருண்குமார் என்று பெயர் சொன்ன அந்த ஆள் ஒரு குழாய் விடாமல் திறந்து பார்த்தான். அவன் மனைவி பூஜை அலமாரிக்குள் தலையை விட்டு, "இங்க ஃப்ரிட்ஜ் வெச்சிக்கலாம்ல?" என்றாள். வாங்குகிற முகமா அது? ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் ஊரில் இருக்கிற வீட்டையெல்லாம் ஓசியில் சுற்றிப் பார்க்கிற முகம். அவர்களோடு பச்சைப் புடவையில் ஒருத்தி வந்தாள். நாற்பத்தைந்து வயசிருக்கும், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் நேராக மாடிக்குப் போனாள். நாத்தனாராக இருக்கும். அவளை மறந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கூட வந்தவளைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மங்கள்.

"ஏங்க, அவுங்க கிளம்பிட்டாங்க. கீழ எறங்கி வாங்க."

சத்தம் நின்றது. யாரும் வரவில்லை.

பிரீதா படியேறினாள். அறை காலியாக இருந்தது. பீரோ கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. உள்ளே அப்பாவின் சட்டைகளை எடுத்துவிட்ட பிறகு மிஞ்சிய ஹேங்கர்கள் மெதுவாக ஆடி, ஒன்றோடொன்று உரசி, ஒவ்வொன்றாக நின்றன. பால்கனிக் கதவில் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை அறை முழுக்க நின்றது.

அருண்குமாருக்கு போன் போட்டாள்.

"உங்க கூட வந்த லேடி கிளம்பிட்டாங்களா?"

"எந்த லேடிங்க? நானும் வீட்டுக்காரியும் மட்டுந்தானே வந்தோம்."

"பச்சைப் புடவை கட்டிக்கிட்டு ஒருத்தங்க…"

"அவுங்களா? உங்க சொந்தக்காரங்கன்னுல்ல நெனச்சோம். மாடியெல்லாம் அவுங்கதானே எங்களுக்குச் சுத்திக் காமிச்சாங்க." கூடவே சொன்னான்: "வீட்டைப் பத்தி நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்காங்க."

பிரீதா போனை வைத்தாள். தெருவில் இருக்கிற எவளோ ஒருத்தி, வேடிக்கை பார்க்கிற புத்தியில் கூட்டத்தோடு நுழைந்து, பின்பக்கமாக நழுவியிருக்கிறாள். இந்த ஊரே அப்படித்தான். சிதம்பரத்தில் வடக்கு வீதிக்கு உள்ளே தள்ளி இருக்கும் இந்தச் சந்தில் பிறந்து வளர்ந்தவள்தான் பிரீதா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக வேலை கிடைத்து, அங்கேயே கல்யாணமும் ஆன பிறகு, நல்லது கெட்டதுக்குத் தவிர இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. அப்பா சபாநாயகம் மாசி மாதம் செத்துப்போனார். வீட்டை விற்றுவிட வேண்டும், அவ்வளவுதான். வருகிறவர்களுக்குக் காட்ட ஆள் வேண்டும் என்பதற்காக லீவு போட்டு வந்திருந்தாள். "மழையில தெனம் பஸ்ல அலையாத, அங்கயே தங்கிக்க," என்று கணவன் சிவராம் சொல்லியிருந்தான். தான் லீவு போட வேண்டியதில்லை என்ற நிம்மதியில் சொன்னது அது. அவனைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

தரகர் அய்யனார்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒன்றுக்கும் உதவாத ஆள் என்று பிரீதா நினைத்திருந்தாள். ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது.

"மேடம், அப்பா போட்டோவ எடுத்துடுங்க. மாலை போட்ட போட்டோவப் பார்த்தா வர்றவங்களுக்கு மனசு ஒட்டாது. துணிமணி, மருந்து, கட்டில், ஒண்ணும் வேணாம். ஆள் இருந்த அடையாளமே தெரியக் கூடாது. பகல்லயும் எல்லா லைட்டும் எரியட்டும். கருவாடு கிருவாடு சமைச்சிடாதீங்க. மழைத்தண்ணி நிக்குமான்னு கேட்டா, நிக்கும்னு ஒளிக்காம சொல்லிடுங்க, அப்பறம் வந்து சண்டை போட மாட்டாங்க. முக்கியமா, யாரையும் வாசல்ல நிக்க வெச்சுப் பேசாதீங்க. உள்ள வாங்க, உங்க வீடு மாதிரி நெனச்சிக்கிட்டுப் பாருங்கன்னு வாய் நெறையக் கூப்பிடணும். அந்த நெனப்பு வந்துட்டா, வெல ஜாஸ்தின்னாலும் விட மாட்டாங்க."

கடைசியாகச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் அப்பா செய்ததற்கு அது நேர்மாறு. அவர் யாரையும் உள்ளே விட மாட்டார். தபால்காரர், கேஸ் போட வருகிறவர், சொந்த அக்கா மகன் என்று யாராக இருந்தாலும் கிரில் கதவுக்கு வெளியிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்புவார். "வாங்க" என்ற வார்த்தையே அவர் வாயில் வந்து அவள் கேட்டதில்லை. "வந்தீங்களா" என்பார். ஒரு டம்ளர் காபிக்குக் கணக்குப் பார்க்கிற கஞ்சப்புத்தி. கல்யாணத்துக்கு முன்னால் தோழிகள் எதிரில் அவள் குன்றிப்போனதெல்லாம் அதனால்தான்.

மறுநாள் காலையிலிருந்து மழை. ஐப்பசி மழை சந்துக்குள் சாக்கடையோடு கலந்து கணுக்கால் அளவுக்கு நின்றது. அதில் இறங்கி நடந்து, செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அவர் சட்டையிலேயே அழுகிய முட்டை போல ஒரு நெடி. வாசலில் நின்றபடியே, "சாக்கடை நாத்தம் அடிக்குதே," என்றார். இவருக்கு நாற்றமாம்! பிரீதா மூக்கைச் சுளிக்காமல் சிரித்தாள்.

"உள்ள வாங்க. உங்க வீடு மாதிரி நெனச்சிக்கிட்டுப் பாருங்க."

அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வழுக்கைத் தலையோடு உயரமாக ஒருவர் நிலைப்படியில் குனிந்து வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு தம்பதி. இன்னும் யாரோ. பிரீதா எல்லோரையும் அலுவலகத்தில் மனு கொடுக்க வருகிற கூட்டத்தைப் பார்ப்பது போல முகம் பார்க்காமல் பார்த்தாள். ஒரு வீடு பார்க்க ஒரு ஊரே வரும். இதுகளுக்கு வேறு வேலை இல்லை.

சூப்பர்வைசர் குடும்பம் போனதும் வாசலைக் கழுவ வந்த பிரீதா, படியில் செருப்புகள் கிடப்பதைப் பார்த்தாள். தேய்ந்த தோல் செருப்பு ஒரு ஜோடி. ரப்பர் செருப்புகள். ஒரு பெண்ணின் செருப்பு. காலையிலிருந்து கொட்டுகிற மழையில், சாரல் அடிக்கிற படியில், அவை நனையவே இல்லை. கையால் தொட்டாள். காய்ந்த மண் விரலில் ஒட்டியது.

யாரோ வீட்டுக்குள் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம். மூடினார்கள். மறுபடி திறந்தார்கள்.

"யாரது?"

குழாய் மூடப்பட்டது. இப்போது பின்னறையில் ஸ்விட்ச் ஒன்று அழுத்தப்பட்டது. டக். அணைக்கப்பட்டது. டக்.

பிரீதா உள்ளே போகவில்லை. சந்தில், தண்ணீரில் நின்றபடி அய்யனாரைக் கூப்பிட்டாள். அதட்ட வேண்டும் என்றுதான் கூப்பிட்டாள்.

"என்ன அய்யனார், ஒரே நேரத்துல இத்தன பேர அனுப்புவீங்களா? சந்தையா இது?"

"இன்னிக்கி ஒரு பார்ட்டிதானே மேடம் அனுப்பினேன். கெமிக்கல் கம்பெனிக்காரரு. புருஷன், பொண்டாட்டி, ஒரு பொண்ணு. வேற யாரு வந்தாங்க?"

இந்த ஆளுக்குத் தன் பயம் தெரியக் கூடாது என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

"ஒண்ணுமில்ல. வைங்க."

சிவராமை அழைத்தாள். இரண்டாவது முறைதான் எடுத்தான். "உடனே வாங்க," என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அவள் பேசியதில்லை போல. அவன் காரணம் கேட்கவில்லை. "கார எடுத்துட்டு வரேன். வழியில ஆலப்பாக்கம் பக்கம் தண்ணி ஏறியிருக்காம், கொஞ்சம் லேட்டாகும். நீ உள்ள போய் உக்காரு, நனையாத," என்றான்.

உள்ளே போய் உட்காரு. முட்டாள்.

ஆனால் கைப்பை உள்ளே இருந்தது. அதற்குள் வீட்டுப் பத்திரமும் இருந்தது. யாரோ திருட்டுக் கும்பல் என்றால்? பத்திரத்தை இந்தப் பிச்சைக்காரக் கூட்டத்திடம் விட்டுவிட்டு மழையில் நிற்கவா? அந்த நினைப்பில் வந்த கோபம் அவளை உள்ளே தள்ளியது. சாயங்காலம் இன்னும் முடியவில்லை. எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. கூடம் வெளிச்சமாக, காலியாக இருந்தது. கைப்பை ஜன்னலோரம் நாற்காலியில், வைத்த இடத்தில்.

அதை எடுத்தாள். மாடியிலிருந்து பேச்சுக் குரல்கள் கேட்டன. பக்கத்து வீட்டு டிவி மாதிரி, அடங்கின குரலில், நிதானமாக.

"காத்தோட்டம் பரவால்ல."

"கொஞ்சம் பழசுதான். ஆனா உறுதி."

"எத்தன பேரு இருக்கலாம்?"

"நெருக்கிக்கிட்டா எல்லாரும் இருக்கலாம்."

"முன்னாடி இருந்தவரு வாசல்லயே நிக்க வெச்சாரு. இந்தம்மா பாவம். வாய் நெறையக் கூப்பிட்டுது."

பிரீதா வாசல் பக்கம் திரும்பினாள்.

பச்சைப் புடவைக்காரி அங்கே நின்றிருந்தாள். கிரில் கதவுக்கு உள்பக்கம். தாழ்ப்பாளைப் போட்டு, சரியாக விழுகிறதா என்று எடுத்து, மறுபடி போட்டாள். திருப்தியாகத் தலையாட்டினாள்.

"வழிய விடுங்க," என்றாள் பிரீதா. அதட்டலாக வரவில்லை. காற்றாக வந்தது.

படியில் காலடிகள். அவசரமில்லாத காலடிகள். உயரமான வழுக்கைத் தலை. தம்பதி. அவர்களுக்குப் பின்னால் ஈரமே படாத துணிகளில், ஆண்களும் பெண்களும், படி நிறைய. கூடத்துக்கு வந்தார்கள். சுவர்களை ஒருவரும் பார்க்கவில்லை. கூரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்கள். உச்சியிலிருந்து பாதம் வரை. பிறகு பக்கவாட்டில். பிறகு பின்னால் போய்.

ஓட வேண்டும். எல்லாப் பக்கமும் ஆட்கள் நின்றுவிட்டிருந்தார்கள்.

யாரோ அவள் முழங்கையைப் பிடித்து மடக்கினார்கள். நீட்டினார்கள். மறுபடி மடக்கினார்கள். கீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல. யாரோ தோளில் கை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். ஒரு கட்டைவிரல் அவள் கண் இமையைத் தூக்கியது.

"ஜன்னல் சின்னதுதான்."

"போதும்."

பூட்டிக் கிடந்த பெட்டியின் வாடை. நெருக்கத்தில். மூச்சுக்குள்.

பச்சைப் புடவைக்காரி அருகில் வந்தாள். அசைவில்லாத முகம். சாம்பல் நிற உதடு. கையை மடக்கி, விரல் முட்டியால் பிரீதாவின் நெஞ்சில் தட்டினாள். ஒரு முறை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். கொஞ்சம் கீழே, இன்னொரு முறை.

"உள்ள காலியாத்தான் இருக்குது."

கூட்டத்தில் ஒரு சின்ன சலசலப்பு. சந்தோஷம் போல.

வெளியே, சந்து முனையில், கார் ஹார்ன் கேட்டது. சிவராம். பிரீதா கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

அந்தப் பெண் கதவைப் பிடிப்பது போல அவள் கீழ்த்தாடையைப் பிடித்துக்கொண்டாள். மூட விடாமல். இன்னும் அகலமாக. பிறகு தள்ளி நின்று, மற்றவர்களுக்கு வழிவிட்டாள்.

வரிசையின் முதலில் உயரமான வழுக்கைத் தலைக்காரர் நின்றிருந்தார். அவர் வேட்டியை லேசாகத் தூக்கிப் பிடித்து, தலை இடிக்காமல் நன்றாகக் குனிந்து, அவள் திறந்த வாய்க்குள் வலது காலை எடுத்து வைத்தார்.