முப்பத்தாறு நிமிட நாடா

முப்பது நிமிடம் ஓட வேண்டிய ஒலிநாடா முப்பத்தாறு நிமிடம் ஓடியது.

உகிதா அதை முதல் நாளே கவனித்துவிட்டார். சோறு அடங்கட்டும் என்று சமையலறை மணியை முப்பது நிமிடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் நாடாவை ஓடவிட்டிருந்தார். மணி அடித்து, சோற்றைக் கிளறி மூடிவிட்டு வந்தபோதும் சின்ன அறையில் சுருள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து வருடத்துப் பழசு, இழுபட்டு நீண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வயதானால் எல்லாமே கொஞ்சம் தொய்ந்துதான் போகிறது. எழுபது வயதில் அதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனைவி நொபுயே போன அக்டோபரில் இறந்தாள். மகள் கனாகோ பிடிவாதமாக அவரை மேற்கே அமாகசாகியிலிருந்து கிளப்பி, தன் ஊருக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி, கிழக்கே சைதாமாவில் இந்தப் பழைய வாடகை வீட்டில் குடிவைத்தாள். முதலில் ஞாயிறுதோறும் வந்தாள். பிறகு போன் மட்டும் வந்தது. பெரிய அறையில் நொபுயேவின் படமும் ஊதுவத்தியும், வாசற்படி ஓரத்தில் அவளுடைய வீட்டுச் செருப்பும் இருந்தன. நடைக்கு வடக்கே நாலரைப் பாய் விரிக்கும் அளவில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. அங்கேதான் தன் பழைய பெட்டிகளைப் பிரித்தார்: கல்யாணமான புதிதில் வாங்கிய ஆம்ப்ளிஃபையர், ஆள் இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டு, பெரிய சுருள் நாடா ஓட்டும் டெக்.

மூன்று நாள் அந்த அறையே கதியென்று கிடந்தார். ஸ்பீக்கர்களின் அடியில் காசு வைத்துச் சமன் செய்தார். சுவர் எதிரொலித்ததால், படுக்கை அடுக்கும் சுவர் அலமாரியின் காகிதத் தள்ளுகதவை ஒரு சாண் திறந்து வைத்தார். உள்ளே இருக்கும் மெத்தைகள் எதிரொலியைக் குடித்துவிடும். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்த தந்திரம்தான். அலமாரிக்குள்ளிருந்து ஈர வைக்கோல் வாடை வந்தது. மழைக்காலம், வராமல் என்ன செய்யும்?

நாடாவில் பெரிதாக ஒன்றுமில்லை. புது மைக்கைச் சோதிக்க, அவர் வேலைக்குப் போயிருந்தபோது நொபுயே தனியாகப் பதிந்தது. வாங்க வேண்டிய சாமான்களைச் சத்தமாகப் படிக்கிறாள், முள்ளங்கி நறுக்குகிறாள், எதையோ முனகுகிறாள். கடைசியில் வாசல் கதவு நகரும் ஓசை. "வந்துட்டேன்" என்று இளம் உகிதா. "வாங்க. குளிக்கிறீங்களா, முதல்ல சாப்பிடறீங்களா?" என்று அவள். வரவேற்க ஓடிவரும் செருப்போசை, தப் தப் தப் என்று. அவ்வளவுதான். அவள் குரல் உலகத்திலேயே அந்த ஒரு சுருளில்தான் இருந்தது.

குரல் கனத்து, இழுத்து இழுத்து வந்தது. கடைசி வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அப்படித்தான் பேசினாள் என்பதால் அவருக்கு அது விநோதமாகவே படவில்லை. தன் குரலும் யாரோபோல் இருந்தது, பதிவில் யாருக்குத்தான் தன் குரல் பிடிக்கிறது! தினமும் மாலை ஐந்தரைக்குக் கடைக்குப் போய்விட்டு வந்து, காலியான வீட்டைப் பார்த்து "வந்துட்டேன்" என்பார். பதில் வராது. பிறகு சின்ன அறைக்குப் போய், பதில் வரும் இடம்வரை நாடாவை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தார்.

அவளுக்குப் பின்னால், மெல்ல, ஒரு மூச்சு கேட்டது. வலது ஸ்பீக்கரையும் தாண்டி, அலமாரிப் பக்கமாக. நல்ல ஸ்பீக்கர் என்றால் ஆள் இருக்கும் இடத்தைக்கூடக் காட்டும் என்று அவருக்கு அதில் பெருமை. இரண்டாம் வாரம் அந்த மூச்சோடு, அவள் பேசும்போது கூடவே உதடு அசைவதுபோல் ஓர் ஈர ஓசையும் சேர்ந்தது. பழைய நாடாவில் ஒரு சுற்றின் ஓசை அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்வது உண்டு. அதுதான் என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் வாரம், டெக்கைச் சுத்தம் செய்யும் திரவம் வாங்கப் போனபோது, ஸ்டேஷன் பக்கத்துப் பழுதுபார்க்கும் கடைக்காரன் தொகாஷியிடம் பேச்சுவாக்கில் முப்பத்தாறு நிமிடக் கதையைச் சொன்னார். தொகாஷி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சார், நீங்க மேற்குலேர்ந்து வந்தவரு இல்ல?"

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா?"

"அங்க கரண்டு செகண்டுக்கு அறுபது துடிப்பு, இங்க அம்பது! இந்தக் காலத்துச் சாமானுக்கு ரெண்டும் ஒண்ணுதான், அதான் எல்லாரும் மறந்துட்டாங்க. உங்க டெக்குக்கு மறக்காது. ஆறு அடி வைக்கற நேரத்துல அஞ்சு அடிதான் வைக்கும். பாவம், மூணு வாரமா உங்க வீட்டம்மாவை இழுத்து இழுத்துப் பேச விட்டிருக்கீங்க!"

உகிதாவுக்கு முகம் சுட்டது. அவர் இளமையில் அறிந்த விஷயம்தான். "பின்னாடி மூச்சுகூடக் கேக்குதுய்யா" என்றார் பேச்சை மாற்ற.

"மைக்கை மூஞ்சிகிட்ட வெச்சிருப்பாங்க. இந்தாங்க, கொஞ்சம் பெரிய பித்தளை உருளை, மோட்டார்ல மாத்துங்க, வேகம் சரியாயிடும். இன்னிக்குத்தான் நிஜமா அவங்களைக் கேக்கப் போறீங்க."

அன்று மாலை மழை ஓட்டுக்கூரையில் ஒரே சீராகப் பெய்துகொண்டிருக்க, உகிதா டெக்கின் முதுகைத் திறந்து, பழைய உருளையைக் கழற்றி, புதியதை மாட்டி, பெல்ட்டைத் துடைத்துப் போட்டு, மெத்தைத் திண்டில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

நொபுயே பேசினாள். இருபத்தாறு வயது நொபுயே. முள்ளங்கி, பருப்புக் கூழ், உங்களுக்கு பிளேடு. வெடுக்வெடுக்கென்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஆஸ்பத்திரி அந்தக் குரலில் இல்லவே இல்லை. உகிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கத்தி வேகமாக நறுக்கியது. முனகல் மேலேறி மெலிந்தது. எல்லாமே வேகமாகி, மேலேறியிருந்தது.

மூச்சைத் தவிர.

அழுகை நின்றது. காதைக் கூர்மையாக்கினார். மூச்சு நேற்றுப் போலவே இருந்தது. அதே கனம், அதே நிதானம். நாடாவில் இருப்பதென்றால் அதுவும் மாறியாக வேண்டும். உருளை மாறினால் ஒன்றுவிடாமல் எல்லாம் மாறும்.

மாறவில்லை.

கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். சுருள்கள் நின்றன. ஒலி அளவு காட்டும் ஊசிகள் இரண்டும் பூஜ்யத்தில் படுத்தன.

மழை. அதற்குள் மூச்சு.

வலது ஸ்பீக்கரைத் தாண்டி. அலமாரியில். உட்கார்ந்திருக்கும் ஆளின் உயரத்தில்.

ஒரு சாண் திறந்து வைத்த கதவு. இப்போது இரண்டு சாண்.

எப்படி எழுந்தார், நடையை எப்படிக் கடந்தார் என்று தெரியவில்லை. வெறுங்காலோடு வாசலில் மழையில் நின்றிருந்தார். பின்னால் கதவு இழுத்துச் சாத்தியிருந்தது. சட்டைப்பையில் போன் இருந்தது. கனாகோவின் பெயர்வரை விரல் போயிற்று. "தினமும் அம்மா குரலைக் கேக்காதீங்கப்பா, மனசுக்கு நல்லதில்ல" என்று அவள் சொன்னதற்கு அவர் சிடுசிடுத்திருந்தார். இப்போது என்னவென்று சொல்வது?

பிறகு நினைவு வந்தது. நாடா. டெக்கிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அது அங்கே இருக்கிறது. அவள் அங்கே இருக்கிறாள், அந்த அறையில், அதனோடு. வேறு பிரதி கிடையாது. இன்றுதான், இந்த ஒரு மாலைதான், அவளை நிஜமாகக் கேட்டார். எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். பத்தே அடி. கதவைத் திறக்க, நுழைய, சுருளைப் பிடுங்க, வர. அரை நிமிடம்கூட ஆகாது.

கதவை நகர்த்தினார். நடை இருட்டாகியிருந்தது. ஈர வைக்கோல் வாடை வாசல்வரை வந்திருந்தது. சின்ன அறையின் கதவு வழியே டெக்கின் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. சுருள்கள் சுற்றவில்லை. ஊசிகள் அசையவில்லை.

ஒரு காலை உள்ளே வைத்தார். நாற்பத்தைந்து வருடப் பழக்கம், நாக்கு அவரைக் கேட்கவில்லை.

"வந்துட்டேன்."

மூச்சு நின்றது.

"வா...ங்...க..."

கனத்த குரல். இழுத்த குரல். மூன்று வாரம் அவர் ஓடவிட்ட குரல், அவர் கற்றுக்கொடுத்தபடியே.

"குளிக்...கிறீ...ங்களா... முதல்ல... சாப்பிட...றீங்களா..."

ஊசிகள் அசையவில்லை.

உகிதா ஓட நினைத்தார். கால் எழவில்லை. பயத்தினால்தான். ஆனால் பயம் மட்டுமில்லை, அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. எட்டு மாதமாக அவர் "வந்துட்டேன்" என்றதற்கு யாரும் பதில் சொன்னதில்லை.

அலமாரிக் கதவு முழுக்க நகரும் ஓசை கேட்டது. அப்புறம் நடையில், அவரை வரவேற்க,

தப்...

தப்...

தப்...

நொபுயேவின் செருப்பு அவர் காலடியில், வாசற்படி ஓரத்தில், ஜோடியாக அப்படியே இருந்தது.