டாக்டர் சொன்ன நான்கு வார்த்தை

மாடிப்படித் திருப்பத்தில் அவன் மோதிய வேகத்தில் அவள் கையிலிருந்த தட்டு ஆட்டம் கண்டது. சோதனைக்கு எடுத்த ரத்தக் குப்பிகள் கலகலத்தன... நல்லவேளை, ஒன்றும் விழவில்லை.

“கண்ண எங்க வச்சிட்டு வர்றீங்க?” சீறினாள் ஆய்வகப் பெண்.

அவன் நிமிர்ந்தான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். ஆனால் அந்தக் கண்களில் நின்றது மழைநீர் இல்லை... அவளுடைய கோபம் போன இடம் தெரியவில்லை.

“மன்னிச்சிடுங்க. எங்கம்மா ஐசியூல இருக்காங்க. டாக்டர் யார்கிட்டயோ ‘ஒன் திங் ஆஃப்டர் அனதர்’னு சொன்னாங்க. ஒவ்வொரு உறுப்பா போயிட்டிருக்குன்னுதானே?”

“ஐயோ, அப்படியில்ல! ஒரு தொல்லை தீர்றதுக்குள்ள இன்னொண்ணு வருதுன்னு அலுத்துக்கறது. வீட்டுல குழாய் உடைஞ்சாக்கூட அப்படித்தான் சொல்வாங்க.”

“அப்ப அம்மாவுக்கு?”

“எந்த பெட்?”

“ஏழு.”

ஏழாம் படுக்கையின் ரத்தம் அவள் கையில்தான் இருந்தது.

“இங்கயே உக்காருங்க. எங்கயும் போகாதீங்க.”

இயந்திரம் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. யாரோ ஒருவனுக்காக எதற்கு இப்படி நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்? சிறுநீரகக் கோளாறைக் காட்டும் எண் திரையில் வந்தபோது ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தாள். நேற்றைவிடக் குறைந்திருந்தது... பாதியாக!

ஓடிப்போய் அவனிடம் சொல்லத் துடித்தாள். ஆனால் உறவினரிடம் வாய் திறந்தால் வேலை போய்விடும். டாக்டரோ எரிந்து விழுகிறவர். இருந்தும் அவர் முன் போய் நின்றாள்.

“மேடம், ஏழாம் பெட்டோட பையன் படியில உயிரக் கையில புடிச்சிட்டு உக்காந்திருக்கார். அவருக்குப் புரியற மாதிரி நீங்களே ஒரு வார்த்தை...”

டாக்டர் முறைத்தார். பிறகு எழுந்து வந்தார். “காய்ச்சல், பிரஷர், கிட்னின்னு வரிசையா படுத்திடுச்சுப்பா. இப்ப எல்லாம் அடங்குது. பொழச்சிட்டாங்க.”

அவன் சுவரோடு சாய்ந்து அழுதான்.

அடுத்த வாரம், அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போக வந்தவன் ஆய்வக ஜன்னலில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

“இன்னும் என்ன பயம்? அம்மாதான் நடக்கறாங்களே!”

“நாளைலேருந்து இங்க வர எனக்கு ஒரு காரணமும் இல்லையே...”

அவள் கையுறையைக் கழற்றினாள்.

“காரணம் இருந்தாத்தான் வருவீங்களா?”

“உங்கள புடிச்சிருக்குங்க... தப்பா இருந்தா திட்டிடுங்க.”

“ஒரு வாரமா எனக்கும் அதே பயம்தான்,” என்றாள், தலை நிமிராமலே. “சொல்லாமலே போயிடுவீங்களோன்னு...”