சூரியனுக்குத் தேனியில் ஒரு பாதுகாப்புக் குழு

மனிதகுல வரலாற்றிலேயே முதன்முறையாக, சூரியனையும் விண்வெளியையும் காப்பாற்றத் தேனி நகரமே திரண்டெழுந்தது.

திரண்டெழுந்தவர்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேர் பக்கத்து டீக்கடைக்கு வந்தவர்கள். நாற்காலி காலியாகக் கிடந்ததால் உட்கார்ந்தார்கள்.

உண்மையில் சூரியனுக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. ஆபத்து வந்தது ஓர் இணையதளத்துக்கு. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘வானம் இப்போது’. இந்த நிமிடம் சூரியனில் எத்தனை கரும்புள்ளிகள், விண்வெளி நிலையம் எந்த ஊருக்கு மேலே பறக்கிறது, நம் ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று எல்லாவற்றையும் அது உடனுக்குடன் காட்டும். எங்கோ ஒரு குளிர் நாட்டில் மூன்று பேர் சேர்ந்து அதை நடத்தினார்கள்.

தேனி காய்கறிச் சந்தைக்குப் பின்தெருவில் இருந்த நாகஜோதிக்கு அந்தத் தளம் மிகவும் வேண்டியிருந்தது. அவள் ஆறாம் வகுப்பு. அப்பா ஈஸ்வரபாண்டி லாரி ஓட்டுகிறார். தேனியில் காய்கறி ஏற்றினால் கோட்டயம், எர்ணாகுளம் என்று போய்விட்டு, வீட்டுக்கு வர நாலைந்து நாள் ஆகும்.

விண்வெளி நிலையம் வரும் மாலைகளில் நாகஜோதி அப்பாவுக்கு போன் செய்வாள். அவர் வண்டியை ஓரங்கட்டுவார். இவள் மொட்டைமாடியில் நிற்பாள். நட்சத்திரம்போல ஒரு வெளிச்சம், ஆனால் மின்னாமல், அவசரப்படாமல் வானத்தில் ஊர்ந்து போகும். இங்கே இவள் பார்ப்பாள். அதே நிமிடம் அங்கே அவர் பார்ப்பார். “இந்தா போகுது” என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்வார்கள். அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிடுவார்கள்.

வேறு செயலிகளும் இருந்தன. ஆனால் அம்மாவின் பழைய போன் அவற்றைத் திறந்தால் சூடாகி, அப்படியே அணைந்துவிடும். ‘வானம் இப்போது’ மட்டும்தான் கோபித்துக்கொள்ளாமல் திறக்கும்.

ஒரு திங்கட்கிழமை அந்தத் தளத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. வகுப்புத் தோழி எப்சிபாவும் நாகஜோதியும் அதை மொழிபெயர்த்து வாசித்தார்கள். இந்த மாதக் கடைசியில் தளம் மூடப்படும். இதை யாரும் பயன்படுத்தவில்லை என்று, தளத்துக்குக் கம்ப்யூட்டரில் இடம் கொடுத்த பல்கலைக்கழகம் நினைக்கிறது. பயன்படுத்துகிறவர்கள் எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று உங்கள் சொந்த வார்த்தையில், எந்த மொழியிலும், ஒரே ஒரு வரி எழுதுங்கள். ஆயிரம் வரி வந்தால் தளம் பிழைக்கும்.

கீழே, அதுவரை வந்த வரிகளின் எண் இருந்தது: 431.

எப்சிபா அன்று சாப்பிடும்போது இதைத் தன் அப்பாவிடம் சொன்னாள். அங்கேதான் கதை பெரிதானது.

எப்சிபாவின் அப்பா ஞானதுரை, கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருப்பவர். ஏழு சங்கங்களுக்குத் தலைவர். எட்டாவதாக ஒன்று கிடைக்காதா என்று இருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்குள் ‘அகில உலக விண்வெளித் தகவல் தளப் பாதுகாப்புக் குழு, தேனி கிளை’ தொடங்கியாகிவிட்டது. தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, அது பிறகு வரும் என்று பதில் சொல்லப்பட்டது. ரப்பர் ஸ்டாம்பு மட்டும் முந்தியே வந்திருந்தது.

கடை வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் ஞானதுரை சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காதுக்குப் பக்கத்தில், கடலைமிட்டாய் அளவில், சூரியனும் இருந்தது.

அந்த வாசலில்தான் பதினொரு பேரும் திரண்டார்கள். ஞானதுரை முக்கால் மணி நேரம் பேசினார். மனு கொடுப்பது என்று முடிவானது.

நாகஜோதிக்கு ஒரே மகிழ்ச்சி. பெரியவர்களே இறங்கிவிட்டார்கள், இனி கவலை இல்லை என்று நினைத்தாள். அவள் இன்னும் தன் வரியை எழுதவில்லை. விஞ்ஞானிகள் எழுதுகிற இடத்தில் நாம் போய் என்ன எழுதுவது என்று கூச்சம்.

மனு எழுதுவதில் கருத்தக்கண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே மரத்தடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து, ஊர் மனுக்களையெல்லாம் அடித்துக் கொடுப்பவர். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா என்று அவர் விரல் தானாகவே ஓடும். பழைய மனு ஒன்றைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றினால் புதிய மனு ஆகிவிடும்.

இரும்புக் கடைக்கு ஆணி வாங்க வந்தவர்கள், தாழ்ப்பாள் வாங்க வந்தவர்கள், விலை மட்டும் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் பெயர் வாங்கினார்கள். அறுநூற்று நாற்பது பெயர். அறுநூற்று நாற்பது மனு. கடைக் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு நாள் அனுப்பினார்கள்.

நாகஜோதி பள்ளி விட்டதும் ஓடிவந்து போனைத் திறந்தாள். 431-உம் 640-உம் சேர்ந்தால் 1071. வழியிலேயே கூட்டிப் பார்த்து வைத்திருந்தாள்.

எண்: 432.

கூடவே ஒரு பதிலும் வந்திருந்தது. எப்சிபா அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள்.

“தேனி நண்பர்களுக்கு நன்றி. அறுநூற்று நாற்பது கடிதமும் ஒரே கடிதமாக இருப்பதால், ஒன்றாக எண்ணிக்கொண்டோம். உங்கள் தெருச் சாக்கடையைத் தூர்வாரச் சொல்லி இருக்கிறீர்கள். எங்களுக்கு அதில் அனுபவம் இல்லை. மன்னிக்கவும்.”

ஞானதுரை திரும்பிக் கருத்தக்கண்ணனைப் பார்த்தார். கருத்தக்கண்ணன் மனுவை எடுத்து வாசித்தார். ‘மேற்படி இணையதளத்தைக் காக்குமாறும், எங்கள் தெருச் சாக்கடையைத் தூர்வாரித் தருமாறும்’ என்று அழகாக முடிந்திருந்தது.

“பழைய மனுவுல இருந்த வரிண்ணே. அதையும் கேட்டுவைப்போம், கெடைச்சா லாபம்தானன்னு விட்டுட்டேன்” என்றார் அவர்.

ஞானதுரை அசரவில்லை. அடுத்து இரண்டாயிரம் மனு அனுப்பலாம் என்றார். சாக்கடை இல்லாமல்.

நாகஜோதி மெதுவாகச் சொன்னாள். “மாமா, அவுக கேட்டது மனு இல்ல. என்னத்துக்கு வேணும்னுதான் கேட்டாக.”

“அதான் ‘பொருள்’னு போட்டு எழுதியிருக்குல்ல பாப்பா.”

“அது ஊருக்கே ஒரு பொருளா இருக்கே மாமா. ஆளுக்கு ஒண்ணுல்ல கேக்குறாக.”

ஞானதுரை இதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் விவாதிக்கலாம் என்றார். அடுத்த கூட்டம் எப்போது என்று தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நாகஜோதிக்கு ஒன்று உறைத்தது. ஊரிலேயே அந்தத் தளத்தைத் தினமும் பார்ப்பவள் அவள்தான். அவளே எழுதவில்லை. அங்கேயே நின்று, போனில் தட்டினாள்:

“எங்கப்பா லாரி டிரைவர். நாங்க ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல நின்னு, ஒரே நேரத்துல ஒண்ணைப் பார்க்குறதுக்கு.”

அனுப்பினாள். ஒரு நிமிடம் ஆகவில்லை. எண் 433.

“அறுநூத்தி நாப்பதுக்கு ஒண்ணு, உன் ஒண்ணுக்கும் ஒண்ணு” என்றாள் எப்சிபா. “அப்ப எல்லாரையும் இப்படி எழுதச் சொல்லுவோம்.”

“பாக்காதவுக எப்படி எழுதுவாக? மொதல்ல பாக்க வைக்கணும்.”

அந்த வாரம் முழுக்க மாலையில் விண்வெளி நிலையம் தேனிப் பக்கம் வரும் என்று தளம் சொன்னது. சந்தையில் அப்பா சரக்கு ஏற்றும் கமிஷன் கடையில், அன்றைய விலையை எழுதுகிற கரும்பலகை ஒன்று உண்டு. கடைக்காரரிடம் கேட்டு, அதில் கடைசி வரியை நாகஜோதி வாங்கிக்கொண்டாள். தக்காளி, கத்தரி, முருங்கைக்குக் கீழே எழுதினாள்: ‘விண்வெளி நிலையம் 7.04’.

முதல் நாள் ஒருவர் அது எந்த ஊர்க் காய் என்று விசாரித்தார். கிலோ ஏழு ரூபாய் நாலு காசு என்றால் இரண்டு கிலோ போடலாம் என்றும் சொன்னார். அவரையே ஏழு மணிக்கு நிற்கச் சொன்னாள் நாகஜோதி. நின்றார். சரியாக ஏழு நான்குக்குப் போடி மலைப் பக்கமிருந்து வெளிச்சம் ஏறி வந்தது. மறுநாள் அவர் மனைவியையும் மச்சினனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

பலகையைப் பார்த்துவிட்டு ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். நாலாம் நாள் சந்தை வாசலில் அறுபது பேர் அண்ணாந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து, என்னவென்று தெரியாமலேயே இன்னும் முப்பது பேர் அண்ணாந்தார்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று நாகஜோதியைக் கேட்டவர்களுக்கு, தளத்தைத் தங்கள் போனிலேயே பார்க்கக் கற்றுக்கொடுத்தாள் எப்சிபா.

பிறகுதான் இருவரும் கேட்டார்கள், இது உங்களுக்கு என்னத்துக்கு என்று. பெரிய வார்த்தை யாராவது போட்டால் எப்சிபா உடனே கையைக் காட்டி நிறுத்துவாள். நல்லவேளையாக, அவளுக்கு வீட்டிலேயே நல்ல பழக்கம் இருந்தது.

முடிவெட்டும் விஜய்ராஜ் எழுதினார்: “ஷேவிங் பண்ணும்போது ‘அந்தா நிலையம்’ என்று சொன்னால் ஆள் தலையைத் தூக்குவார். தாடைக்குக் கீழே வேலை சுலபம்.”

கீரை விற்கும் சுருளியம்மாளுக்குப் போனில் எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நாகஜோதி தட்டினாள். “அதுக்குள்ள ஏழு பேர் இருக்காகளாம்ல. வீட்டை விட்டுட்டு அங்கன போய்க் கெடக்காக. நல்லாப் போறாகளான்னு ஒரு எட்டுப் பாத்துக்கிறதுக்கு. அப்படியே எழுது ஆத்தா.”

கோம்பையிலிருந்து கத்தரிக்காய் கொண்டுவரும் தவசியிடம் ஒரு நாய் இருந்தது. கோம்பை நாய் காரணம் இல்லாமல் குரைக்காது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவந்தார். ஆனால் சில நாள் மாலையில் அது வெறும் வானத்தைப் பார்த்துக் குரைத்து, அவர் மானத்தை வாங்கியது. அவர் எழுதினார்: “என் நாய் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க.”

எண் 500 ஆனது. 540 ஆனது. மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. நாகஜோதி வகுப்பில் கணக்குப் போட வேண்டிய இடத்தில், ஒரு நாளைக்கு எத்தனை வேண்டும் என்று வகுத்துக்கொண்டிருந்தாள். எப்படி வகுத்தாலும் தேனி போதாது.

அப்போது அந்தக் குளிர் நாட்டு மூவர் ஒரு காரியம் செய்தார்கள். வந்த வரிகளில் சிலவற்றை எடுத்துத் தளத்தின் முகப்பில் போட்டார்கள். முதலில் நாகஜோதியின் வரி. அடுத்து தாடை. அடுத்து ஏழு பேர். அடுத்து நாய்.

அதுவரை உலகமெங்கும் எத்தனையோ பேர் நாகஜோதியைப்போலவே கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள் போலும். நாய்க்காகவே எழுதலாம் என்றால் நாமும் எழுதலாம் என்று துணிந்துவிட்டார்கள். மீன் பிடிக்கிறவர்கள் எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் ஜன்னலைப் பற்றி எழுதினார்கள். தன் பூனை குரைக்கவில்லையே தவிர மற்றபடி அதே கதைதான் என்று ஒருவர் எழுதினார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது எண் 1000-ஐத் தாண்டியது. தளம் தொடரும் என்று அறிவிப்பு வந்தது. நாகஜோதி அதை மூன்று முறை வாசித்தாள். அப்பாவுக்கு போன் செய்து, இனி மூடமாட்டார்களாம் என்றாள். “இன்னிக்கு எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டார் அவர்.

பாதுகாப்புக் குழு உடனே வெற்றி விழா எடுத்தது.

சந்தை வாசலில் பந்தல் போட்டார்கள். விஜய்ராஜ், தவசி, சுருளியம்மாள் எல்லோரும் வந்தார்கள். அன்று மாலை 7.02-க்கு நிலையம் வருகிறது, அதற்குள் பேச்சை முடித்துவிடுங்கள் மாமா என்று நாகஜோதி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். இரண்டே வார்த்தைதான் என்றார் ஞானதுரை.

ஆறரைக்கு அவர் மைக்கைப் பிடித்தார். கையில் பதினான்கு பக்கம் இருந்தது. ஏழு மணிக்கு அவர் ஆறாம் பக்கத்தில் இருந்தார். தளத்தைக் காக்கத் தான் தூங்காமல் கழித்த நாட்களைப் பற்றி, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

முதலில் விஜய்ராஜ் எழுந்தார். பிறகு சுருளியம்மாள். நாகஜோதியும் எப்சிபாவும் பின்வரிசை வழியாக நழுவினார்கள். ஒரு நிமிடத்தில் பந்தலே வெளியே வந்துவிட்டது. மைக் செட்டுக்காரரும் வந்துவிட்டார்.

போடி மலைக்கு மேலே வெளிச்சம் எழுந்தது. நாகஜோதி போனைக் காதில் வைத்திருந்தாள்.

“இந்தா போகுது” என்றாள்.

“இந்தா போகுது” என்றது கோட்டயத்திலிருந்து அப்பாவின் குரல். “ஆத்தா, டீக்கடையில நின்னுக்கிட்டு இருக்கேன். இங்கன நாலு சேட்டன்மாரும் என்கூட அண்ணாந்து நிக்கிறாக. அவுகளும் எழுதணுமாம்.”

“ஆளுக்கு ஒண்ணா எழுதச் சொல்லுப்பா” என்றாள் நாகஜோதி. சந்தை வாசலில் இருந்த அத்தனை தலைகளும் மெதுவாக, ஒன்றாக, மேற்கிலிருந்து கிழக்கே திரும்பின. வெளிச்சம் மங்கி மறைந்தது.

ஒன்பதாம் பக்கத்தில் ஞானதுரை நிமிர்ந்தார். நாற்காலிகளைப் பார்த்தார். வேகமாக வெளியே வந்து, எங்கே, எங்கே என்று கேட்டார். எப்சிபா கிழக்கே கையைக் காட்டி, போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“அசையாம நிக்குதே” என்றார் பெருமையாக. “நம்ம விழாவுக்காக நின்னு போகுது போல.”

விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். போட்டோக்காரர் படம் எடுத்தார். ஒருவருக்கும் சொல்ல மனம் வரவில்லை.

அந்தப் படம் இப்போது கடைவீதியில் ஃப்ளெக்ஸாகத் தொங்குகிறது. ‘விண்வெளி நிலையத்துக்கு வணக்கம் செலுத்தும் தலைவர்’ என்று எழுதியிருக்கிறது. படத்தில் தெரிவது செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு.