பதினோரு நாள் ஓடிய கேஜ்

டம்ளரில் பாதிவரை இருந்த டீ, யாரும் தொடாமலே விளிம்புவரை எழும்பி, மறுபடி மெல்லப் படிந்தது. டென்சிலின் அடிவயிறும் அதோடு சேர்ந்து ஒருமுறை எழும்பிப் படிந்தது. தங்கச் சுரங்கங்கள் மூடிக் கால் நூற்றாண்டு ஆகப்போகிறது என்றாலும், பாலகாட் சுரங்கப் பகுதியில் தண்ணீர் நிறைந்து கிடக்கும் பழைய பள்ளங்கள் எப்போதாவது சரியும், வீடு ஆடும், பாத்திரம் கிணுகிணுக்கும். அதெல்லாம் அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் இது ஆட்டமில்லை. வீடு ஒரு முழம் கீழே இறங்கியதுபோல இருந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் போன் பார்த்துக்கொண்டிருந்த மனைவி டெய்சி எதையும் கவனிக்கவில்லை.

"ஏங்க, இத பாருங்க. மினி கேஜ்! பழைய போட்டோ க்ரூப்புல யாரோ போட்டுருக்காங்க."

அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. எண்பத்தொன்பது டிசம்பரில் மைசூர் மைன்ஸ் சுரங்கத்தின் பக்கம் வந்த பொருட்காட்சியில், சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜைப் போலவே செய்த அந்த ராட்டினம் பதினோரு நாள்தான் ஓடியது. நாற்பதடி இரும்புக் கோபுரம். அதற்குள் நாலு பேர் நிற்கும் கம்பிக்கூண்டு. மணி அடித்ததும் விளக்குகள் அணையும், கயிறு முனகும், கூண்டு இருட்டுக்குள் விழுவதுபோல இறங்கும். அப்பாவும் புருஷனும் தினம் இறங்கிய ஆழம் எப்படியிருக்கும் என்று தெரியாத பெண்கள்தான் வரிசையில் அதிகம். பிரேக் கம்பியைப் பிடித்திருந்தவன் பத்தொன்பது வயது டென்சில்.

"எங்க நோயல் அண்ணன் அதுல செத்த அன்னிக்கி இன்னா ஆச்சுன்னு நீங்க முழுசா சொன்னதே இல்ல" என்றாள் டெய்சி.

"பிரேக் பிடிக்கல. ஃபிட்டர் கோவிந்தராஜ் சரியா பாக்கல."

முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேலாகச் சொல்லிவந்த அதே வார்த்தைகள்.

வீடு இறங்கியது.

இந்த முறை ஜன்னலில் தெரிந்தது. மாலை வெயில் பட்டுக்கொண்டிருந்த காம்பவுண்டு சுவர் மெல்ல உயர்ந்தது. அதன் முன்னாலிருந்த கொய்யா மரத்தின் இலைகள் மேலேறி மறைந்து, கிளைகள் மறைந்து, அடிமரம் மட்டும் நின்றது. பிறகு அதுவும் மேலேறிப் போக, ஈரமண்ணில் தொங்கும் வேர்கள் தெரிந்தன. கருகிய பிரேக் கட்டையின் நாற்றம் அறைக்குள் பரவியது.

டெய்சி போனிலிருந்து தலை தூக்கவில்லை. "முந்தின நாள்தான் கோவிந்தராஜ் புது கட்டை மாத்தினாராம். இங்க ஒருத்தர் எழுதிருக்காரு."

அன்று காலை, என் தங்கச்சி டெய்சி பின்னால் சுற்றுகிறாயா என்று நோயல் எல்லோர் முன்னாலும் அவனை அறைந்திருந்தான். சாயங்காலம் அதே நோயல் கூண்டில் தனியாக ஏறினான். ஒரே ஒரு நொடி பயமுறுத்தலாம் என்றுதான் டென்சில் பிரேக்கை விட்டான். திரும்பப் பிடித்தபோது கட்டை புகைந்தது, கயிறு அறுந்தது. கதவை நெம்பித் திறந்தபோது நோயலின் முழங்கால்கள் அவன் மார்புக்குள் ஏறியிருந்தன. கூட்டம் தடுப்புக் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு கோவிந்தராஜைத் துரத்திப் பிடித்தது. "டேய் டென்சில், நீ விட்டத சொல்லுடா!" என்று கத்துவதற்காக அவர் வாயைத் திறந்தார். டென்சிலின் கையிலும் ஒரு குழாய் இருந்தது. முதல் அடி அந்த வாயில்தான் விழுந்தது. பல் ஒன்று தெறித்து அவன் சட்டைப் பைக்குள் விழுந்தது. கூட்டம் விலகியபோது கோவிந்தராஜ் உயிரோடு இல்லை.

"கண்டவன் கண்டத எழுதுவான். நீ அத மூடு" என்றான் டென்சில்.

வீடு விழுந்தது. ஜன்னலில் கறுத்த பாறை, தண்ணீர் வழிய, மேல்நோக்கி ஓடியது. பல்பு மங்கியது. டெய்சியின் கூந்தல் தானாக எழும்பி நின்றது. இப்போதுதான் அவள் கட்டிலைவிட்டு எழுந்து நின்று அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களா பிரேக்க விட்டீங்க?"

சொல்லிவிடலாம். சொன்னால் நின்றுவிடும். அது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"இல்ல" என்றான்.

வலது கையில் ஏதோ கனத்தது. சில்லென்ற இரும்பு. பிரேக் கம்பி. பிடித்தான். இழுத்தான். கிறீச்சென்று அலறல். புகை. அவள் அலறலா, இரும்பின் அலறலா.

மோதல்.

பல்பு மறுபடி எரிந்தது. டென்சில் நின்றுகொண்டிருந்தான். அவன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. டெய்சியும் நின்றுகொண்டுதான் இருந்தாள், ஆனால் கட்டில் உயரத்துக்கு. விலா எலும்புகளைப் பிளந்துகொண்டு முழங்கால்கள் தோளுக்கு வந்திருந்தன. சிமெண்ட் தரையில் ரத்தம் அகலமாகப் பரவியது.

கண்கள் திறந்திருந்தன. இமைத்தன.

மேலே, வெகுதூரத்தில், ஆட்களின் குரல்கள். யாரோ இறங்கி வருகிறார்கள். டெய்சிக்கும் அது கேட்டது. உதடுகள் பிரிந்தன. அவர்களிடம் சொல்வதற்காக மூச்சை இழுத்தாள்.

அந்த இரும்புக் கம்பி அவள் வாய்க்கு நேராக உயர்ந்தது. அதை யாரும் உயர்த்தவில்லை, டென்சிலைத் தவிர.