பேய்க்கு ஓர் இலை

உறையூர்க்காரர்கள் காலையில் பல் தேய்த்த கையோடு விழிவில்லையை மாட்டிக்கொள்வார்கள். மாட்டியதும் ஊர் அழகாகிவிடும். சாக்கடை வாய்க்காலாகத் தெளியும். காரை உதிர்ந்த சுவர்கள் வெள்ளையடித்துக்கொள்ளும். நகரப் பதிவில் இல்லாத எதுவும் கண்ணில் படாது. காதிலிருக்கும் செவிமணி அதன் சத்தத்தையும் வடிகட்டிவிடும். இப்படிப்பட்ட ஊரில் பேய் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அகிலாண்டம் மெஸ்ஸில் இலையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

மெஸ் அப்போது நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. அவரவர் வீட்டிலேயே இயந்திரத்தில் பொடியைப் போட்டுச் சோற்றை அச்சடித்துக்கொள்ளும் காலத்தில், வாழையிலைச் சாப்பாட்டுக்கு யார் மெனக்கெட்டு வருவார்கள்? கடையை மூடிவிடலாமா என்று அகிலாண்டம் யோசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சுவரோரப் பலகையில் ஆளே இல்லாத இடத்தில் பரிமாறும் இயந்திரம் இலை போட்டது. அதற்கு அவள் வைத்திருந்த பெயர் பந்தி. பலகையில் எடை விழுந்தால் பந்தி இலை போடும், அவ்வளவுதான். யார், எவர் என்று விசாரிப்பது அதன் வேலை இல்லை. இலையில் சோறு குறைந்தது, ரசம் குறைந்தது, அப்பளம் அந்தரத்தில் நொறுங்கியது.

கொஞ்ச நாளில் கதை திருச்சி முழுக்கப் பரவிவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபோதே உயிரை விட்ட மாப்பிள்ளை என்றார்கள் சிலர். அந்தக் காலத்துச் சமையல்காரர் உப்புப் பார்க்க வருகிறார் என்றார்கள் வேறு சிலர். பேய்க்கு எடை ஏது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பேயின் தோள் தன்மேல் இடித்த மறுநாளே மகளுக்கு வரன் அமைந்ததாகத் தில்லைநகர் வக்கீல் நீலமேகம் போகிற இடமெல்லாம் சொன்னார். அதற்கப்புறம் பேய்க்குப் பக்கத்து இடத்துக்கு அடிதடிதான். தினமும் முதல் ஆளாக வந்து அந்த இடத்தைப் பிடிக்கும் நீலமேகம், தன் பாயசத்தைப் பேயின் இலைப்பக்கம் நகர்த்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அகிலாண்டத்துக்கு மனசு நிறைந்திருந்தது. பேயோ பிசாசோ, கடையைத் தூக்கி நிறுத்திய புண்ணியவான் என்று அடுப்படியிலிருந்தே கும்பிடுவாள்.

ஒரு விஷயம்தான் அவளை உறுத்தியது. சாப்பிட்டு முடித்ததும் அந்த இலை தானாக மடிந்துகொள்ளும், அதுவும் உட்கார்ந்திருப்பவர் பக்கமாக. இந்த வீட்டில் மறுபடியும் சாப்பிட வேண்டும் என்று நினைப்பவர்கள் மடிக்கிற மடிப்பு அது. துக்க வீட்டில்தான் எதிர்ப்பக்கம் மடிப்பார்கள். செத்துப்போன ஒன்று எதற்காக இப்படிக் கல்யாண வீட்டு மடிப்பு மடிக்கிறது?

ஒருநாள் கடைசிப் பந்தியில் வில்லையையும் செவிமணியையும் கழற்றி வைத்துவிட்டுப் போய் நின்றாள். முதலில் தன் கடைச் சுவரைப் பார்த்துத்தான் திடுக்கிட்டாள். பிறகுதான் பலகையில் இருந்த மனிதரைப் பார்த்தாள். அவளைவிடச் சற்று மூத்தவர், துவைத்த சட்டை போட்டிருந்தார். அவர் அவளைவிட அதிகமாகப் பயந்துபோனார்.

“என்னையவா பாக்குறீங்க?”

“ஒங்களத்தான். யாருங்கய்யா நீங்க?”

“பேரு மருதமுத்து தாயி. முசிறிலேர்ந்து வீடு மாறி வந்தேன். அதுக்குள்ள என் பதிவு காலாவதியாயிருச்சு. புதுப்பிக்கலாம்னு ஆபீஸுக்குப் போனா, அங்க யாரு கண்ணுலயும் நான் படல. கத்துனாலும் கேக்கல. இங்க மட்டுந்தான், உக்காந்தா எலை விழுது.”

அகிலாண்டத்துக்கு அழுகை வந்தது. கூடவே கடையின் நினைப்பும் வந்தது. இவர் மனிதர் என்று வெளியே வந்தால் கூட்டம் போய்விடும், கூட்டத்தோடு கடையும் போய்விடும். சாயங்காலம் வரை அண்டாவைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். இந்த மனிதரைப் பேயாகவே வைத்துப் பிழைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள். வில்லையைக் கழற்ற மாட்டேன் என்று அதிகாரி பிடிவாதமாக இருந்தார். கழற்றினால் தன் அலுவலகம் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். உறவுக்காரர் யாராவது பொறுப்பேற்றால் ஆளைப் பார்க்காமலே புதுப்பிக்கலாம் என்றார்.

“எங்கண்ணன் சார்,” என்றாள் அகிலாண்டம் சட்டென்று.

பக்கத்தில் அண்ணன் விசும்பியது அதிகாரிக்குக் கேட்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் முண்டியடித்து உள்ளே வந்த கூட்டம், வந்த வேகத்தில் நின்றது. பேய் இருந்த இடத்தில் ஒரு மனிதர் சாம்பார் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அகிலாண்டம் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பாதிப் பேர் ஏமாந்த முகத்தோடு திரும்பிப் போனார்கள். இத்தனை நாளில் நாக்கில் ருசி ஒட்டிக்கொண்ட மீதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். கடை பிழைத்துக்கொள்ளும் என்று அவளுக்குப் புரிந்தது. நெஞ்சு லேசாகிவிட்டது.

நீலமேகம் மட்டும் தட்டுக் கேட்டு வாங்கி, மூலையில் நின்றபடி சாப்பிட்டார். மருதமுத்துவின் இரண்டு பக்கமும் காலியாகத்தான் கிடந்தது.

“எதுக்கு சார் நின்னுக்கிட்டு? நீங்க எப்பவும் உக்கார்ற எடந்தானே? அவருதான் இப்ப நல்லாத் தெரியுறாரே,” என்றாள் அகிலாண்டம்.

நீலமேகம் அவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அதெப்படிம்மா, தெரியாத ஆளு பக்கத்துல போய் உக்கார்றது?”